டர்பன் வீட்டுப் புல்தரை: எல்லாப் புல்லும் கிகூயூ அல்ல

கேள்வி சுருக்கமாக இது: தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த்தில் வீடு. முன்புறம் நல்ல வெயிலில் கிகூயூ புல். பின்புறம் மாமரத்தடியில் அதே புல் தேய்ந்து மண் தெரிகிறது. ஒவ்வொரு செப்டம்பரிலும் தரையோடு தரையாக வெட்டி, ஒரு பக்கி (சிறு சரக்கு வண்டி) லோடு மண் பரப்பி, உரமும் போடுகிறார்கள், பின்புறம் தேறவில்லை. பிப்ரவரி வந்தால் முன்புறத்திலும் பழுப்புத் திட்டுகள், ஹடீடா பறவைகள் காலை முழுக்கக் குத்திக் கிளறுகின்றன.

இவை இரண்டு தனித்தனிப் பிரச்சினைகள். பின்புறத்தில் இருப்பது அந்த நிழலில் வாழவே முடியாத புல். முன்புறத்தில் பெரும்பாலும் பூச்சி. இரண்டையும் ஒரு லோடு மண் தீர்க்காது. டர்பன் பக்கம் புல்தரைகள் கெடுவதற்குப் பெரிய காரணம், எந்தப் புல்லாக இருந்தாலும் கிகூயூவுக்குச் செய்வதையே செய்வதுதான். அதனால் முதலில் உங்கள் வீட்டில் இருப்பது எந்தப் புல் என்று குனிந்து பாருங்கள்.

கிகூயூ கிழக்கு ஆப்பிரிக்க மேட்டுநிலத்துப் புல். வெளிர்பச்சை இலை, அதில் மெல்லிய மயிர், விரல் கொடுத்தால் நசுங்காத தடித்த தண்டு. ஒட்ட வெட்டிய தரையில் சில காலைகளில் வெள்ளை நூல் சிதறியதுபோல் தெரியும். அது அதன் பூவின் மகரந்த இழைகள். நாளுக்கு ஆறு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். எல்.எம். என்று இங்கே சொல்வது, மொசாம்பிக் தலைநகர் மபுட்டோவின் பழைய பெயரான லொரென்சோ மார்க்கெஸ் என்பதன் சுருக்கம். பெரியா புல் என்றும் கேட்பார்கள். இந்தக் கடலோரத்துக்கே உரிய புல், தட்டையான மென்மையான இலை, நிழலைத் தாங்குவதில் இங்கே கிடைக்கும் புல்களில் முதலிடம் இதற்குத்தான். பஃபலோ புல்லும் இந்தக் கடலோரத்தது: அகன்ற முரட்டு இலை, மழுங்கிய நுனி, உப்புக்காற்றையும் மணலையும் தாங்கும். நான்காவது குவீக். இதை உங்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை, பிள்ளையாருக்குச் சாத்தும் அருகம்புல்தான் அது. வெயிலும் மிதியும் தாங்கும், நிழல் ஆகாது.

இவற்றுக்குள் முக்கியமான வேறுபாடு கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது. கிகூயூவுக்கும் அருகம்புல்லுக்கும் தரைக்கு மேலும் தண்டு ஓடும், மண்ணுக்குள்ளும் தண்டு ஓடும். மேலே இருப்பது முழுவதையும் சுரண்டி எடுத்தாலும் உள்ளிருந்து மறுபடி முளைத்துவிடும். எல்.எம்.முக்கும் பஃபலோவுக்கும் தரைமேல் ஓடும் தண்டு மட்டுமே. அதை வெட்டிவிட்டால் முளைக்க எதுவும் மிஞ்சாது. வசந்தத்தில் மொட்டையடிக்கும் பழக்கம் கிகூயூவுக்கு நன்மை, எல்.எம்.முக்குக் கொலை. தோட்ட வேலைக்கு வருபவர் வீட்-ஈட்டரால் (சுழலும் நைலான் கயிற்றால் புல் சீவும் கருவி) மண் தெரியச் சீவும்போதும் இதேதான் நடக்கிறது. ஓரங்களைத் தவிர வேறெங்கும் அந்தக் கருவி வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

வெட்டும் உயரம்: அருகம்புல் 15 முதல் 25 மி.மீ., கிகூயூ 25 முதல் 40, எல்.எம். 40 முதல் 50, பஃபலோ 40 முதல் 60. நிழலில் எந்தப் புல்லையும் இன்னும் 10 மி.மீ. உயரமாக விடுங்கள், குறைந்த வெளிச்சத்தை அதிக இலைதான் ஈடுகட்டும். மோவரில் இருக்கும் எண்களை நம்ப வேண்டாம். மின்சார இணைப்பையோ ஸ்பார்க் பிளக்கையோ கழற்றிவிட்டு, சிமென்ட் தரையில் நிறுத்தி, தரையிலிருந்து பிளேடு வரை அளந்து பாருங்கள். ஒரு தடவையில் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக்கூடாது. டிசம்பரிலிருந்து மார்ச் வரை கிகூயூவை வாரம் ஒரு தடவை வெட்ட வேண்டியிருக்கும். ஒரு வாரம் மழையில் தவறிவிட்டால், உயர்த்திவைத்து ஒரு தடவை, நான்கு நாள் கழித்து இறக்கி ஒரு தடவை என்று இரண்டாகப் பிரித்து வெட்டுங்கள். வெட்டிய நுனிகள் வெண்மையாகக் கிழிந்து நின்றால் பிளேடு மழுங்கிவிட்டது. கிழிந்த நுனி வழியாகத்தான் பூஞ்சை எளிதாக நுழைகிறது.

தமிழ்நாட்டில் இருந்து படிப்பவர்கள் மாதங்களைத் திருப்பிப் போட்டுக்கொள்ள வேண்டும். இங்கே தைப்பூசக் காவடி நேரம் கடும் புழுக்கமும் மழையும். ஆடிக் கூழ் நேரம் குளிரும் வறட்சியும். டர்பனில் ஆண்டு மழை ஏறக்குறைய 1000 மி.மீ., அதில் பெரும்பகுதி அக்டோபர் முதல் மார்ச்சுக்குள் பெய்துவிடும். கடலோரத்தில் உறைபனி இல்லாததால் புல் முழுதாகத் தூங்குவதில்லை, ஆனால் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மிக மெதுவாகவே வளரும். சூரியன் வடக்கே நிற்பதால் வீட்டின் தெற்குப் பக்கம் ஜூனில் பெரும்பாலும் நிழல். டிசம்பரில் வெயில் படுகிறதே என்று அங்கே கிகூயூ போட்டவர்கள் குளிர்காலத்தில் இழக்கிறார்கள்.

செப்டம்பர் வேலைக்கு வருவோம். முன்புறக் கிகூயூவை மட்டும் இரண்டு மூன்று கட்டமாக இறக்கி வெட்டுங்கள். இலைக்கும் மண்ணுக்கும் இடையில் பழைய தண்டும் வேரும் சேர்ந்து ஒரு மெத்தை இருக்கும். காலால் மிதித்தால் அமுங்கி எழும். சிறு துண்டாக ஒன்றை வெட்டி எடுத்துப் பாருங்கள். அந்த மெத்தை 15 மி.மீ.க்கு மேல் இருந்தால் இரும்பு ரேக்கால் இரு திசையிலும் அழுத்தி வாரி எடுங்கள். தண்ணீரும் உரமும் மண்ணுக்குப் போகாமல் தடுப்பதும், புழுக்களுக்கு ஒளிந்துகொள்ள இடம் தருவதும் அந்த மெத்தைதான். அது கழிந்தால் இரண்டு வாரம் பார்க்க அசிங்கமாக இருக்கும், ஐந்தாறு வாரத்தில் மூடிவிடும்.

லோடு மண்ணைப் பற்றி என் கருத்து கறாரானது: தரை சமமாக இருந்தால் ஆண்டுதோறும் மண் கொட்டத் தேவையில்லை. பள்ளம் நிரப்ப, மேடு பள்ளம் சமன்செய்ய மட்டும் போதும். ஒரு கன மீட்டர் மண் 100 சதுர மீட்டருக்கு 10 மி.மீ. கனத்தில் வரும். அதற்கு மேல் ஒரே தடவையில் போடக்கூடாது. பரப்பிய பிறகு புல் நுனி வெளியே தெரிய வேண்டும். எல்.எம்.முக்கு 5 மி.மீ. போதும். ஆண்டுக்கு ஆண்டு கொட்டினால் தரை மட்டம் ஏறி, சுவரின் ஈரத்தடுப்புப் படலத்தை எட்டி, உள்சுவரில் ஈரம் ஏறும். புல்தரை அந்தப் படலத்துக்குக் குறைந்தது 150 மி.மீ. கீழே இருக்க வேண்டும், காற்றுத் துளைக் கற்களையும் மூடக்கூடாது. இன்னொரு தொல்லை, கோரைக்கிழங்கு. உங்கள் தோட்டத்தில் முன்பு இல்லாத கோரை திடீரென்று வந்தால், அது பெரும்பாலும் அந்த லோடில் வந்ததுதான்.

இனி மாமரத்தடி. அங்கே கிகூயூவை மீட்க முயல வேண்டாம், எல்.எம். வையுங்கள். காய் பறித்து முடிந்ததும் மரத்தின் கீழ்க்கிளைகளைத் தரையிலிருந்து இரண்டு மீட்டருக்கு உயர்த்தி வெட்டுங்கள். அதிலேயே வெளிச்சம் பாதி பிரச்சினையைத் தீர்க்கும். மிஞ்சிய கிகூயூத் தண்டுகளைத் தோண்டி எடுங்கள், அல்லது கிளைபோசேட் களைக்கொல்லி அடித்து மூன்று வாரம் கழித்து முளைப்பதன் மேல் மறுபடி அடியுங்கள். மாமரத்தின் பச்சைத் தண்டிலும் கன்றுகளிலும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மாவேர் மேலாகவே ஓடுவதால் மண்வெட்டி வேண்டாம். ஃபோர்க்கால் 5 செ.மீ. இளக்கி, மக்கிய உரம் 2 செ.மீ. பரப்பிக் கலந்தால் போதும்.

எல்.எம்.மை விதையிலிருந்து வளர்க்க எதிர்பார்க்காதீர்கள். நர்சரியில் தட்டில் விற்கும் சிறு நாற்றுகளை வாங்கலாம். பக்கத்து வீட்டில் இருந்தால் தண்டு கேட்டு வாங்கலாம். ஒரு சதுர மீட்டர் பிய்த்தது ஏறக்குறைய எட்டுப் பத்துச் சதுர மீட்டருக்கு வரும். இரண்டு மூன்று கணு உள்ள துண்டுகளாக்கி, 15 செ.மீ. இடைவெளியில், கணு மண்ணுக்குள்ளும் நுனி வெளியிலுமாகப் புதையுங்கள். அந்த இடைவெளியில் ஒரு சதுர மீட்டருக்கு 44 துண்டு பிடிக்கும், 20 செ.மீ. விட்டால் 25 போதும், ஆனால் மூட நேரம் அதிகமாகும். நட்டதும் காலால் மெல்ல மிதித்து அமுக்குங்கள், காற்றுப்பை இருந்தால் வேர் காயும். முதல் இரண்டு மூன்று வாரம் மேல்மண் காயவிடாமல் காலையும் மாலையும் லேசாகத் தெளித்து, பிறகு இடைவெளியைக் கூட்டுங்கள். செப்டம்பரிலிருந்து பிப்ரவரி வரை நடலாம், இரண்டு மூன்று மாதத்தில் மூடும். புல் 6, 7 செ.மீ. எழுந்த பிறகே முதல் வெட்டு. சரிவான தரையென்றால் வரிசைகளைச் சரிவுக்குக் குறுக்காகப் போடுங்கள். 2022 ஏப்ரல் வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்கு வெறும் மண் சரிவு என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. அப்படிப்பட்ட இடத்தில் துண்டு நடாமல், புல்பாளங்களை வாங்கி மூங்கில் குச்சியால் அறைந்து பதிப்பதே பாதுகாப்பு.

முன்புறக் கிகூயூ எல்.எம்.முக்குள் புகும், அது நிச்சயம். இரண்டுக்கும் இடையே 15 செ.மீ. ஆழத்தில் செங்கல் வரிசையோ பிளாஸ்டிக் தடுப்போ வையுங்கள். அடர்ந்த லிச்சி, ஆவோ (அவகாடோ) மரத்தடியில் எல்.எம்.மும் நிற்காது. அங்கே புல்லை விட்டுவிட்டு, உதிர்ந்த இலையையே கனமாகப் பரப்பி வைப்பதே மரத்துக்கும் நல்லது.

உர மூட்டையில் இருக்கும் எண்களைப் படிக்கக் கற்றுக்கொண்டால் பணமும் மிச்சம், புல்லும் கருகாது. தென்னாப்பிரிக்க மூட்டைகளில் 3:2:1 (25) என்றால் தழை, மணி, சாம்பல் சத்துகளின் விகிதம் முதலில். மூன்றும் சேர்ந்த மொத்தச் சதவீதம் அடைப்புக்குள். ஆறு பங்கில் மூன்று பங்கு தழைச்சத்து, ஆகவே 25இல் பாதி, 12.5 சதவீதம். ஒரு தடவைக்குச் சதுர மீட்டருக்கு 5 கிராம் தழைச்சத்து நல்ல அளவு. அதாவது 3:2:1 (25) என்றால் 40 கிராம், 100 சதுர மீட்டருக்கு 4 கிலோ. தழைச்சத்து மட்டுமே உள்ள எல்.ஏ.என். (28) உரம் என்றால் 18 கிராம், 100 சதுர மீட்டருக்கு 1.8 கிலோ. சமையலறைத் தராசில் ஒரு முறை நிறுத்துப் பார்த்தால் உங்கள் கைப்பிடி எத்தனை கிராம் என்று தெரிந்துவிடும். பாதியை நீளவாக்கிலும் மீதியைக் குறுக்காகவும் தூவுங்கள், இல்லையென்றால் கரும்பச்சையும் மஞ்சளுமாகக் கோடு விழும். இலை காய்ந்திருக்கும்போது தூவி, உடனே தண்ணீர் விடுங்கள். 2:3:2 நடவுக்கு நல்லது. வளர்ந்த தரைக்கு அதில் மணிச்சத்து வீண்.

கிகூயூ பெருந்தீனிக்காரன்: செப்டம்பர், நவம்பர், ஜனவரி என மூன்று தடவை இந்த அளவு, மார்ச்சில் சாம்பல்சத்து கூடிய 3:1:5. எல்.எம்.முக்கும் பஃபலோவுக்கும் செப்டம்பரிலும் ஜனவரியிலும் போதும். நிழலில் பாதி அளவு. வெளிச்சமில்லாத இடத்தில் அதிகம் போட்டால் புல் நெடுநெடுவென்று இளைத்து வளர்ந்து நோய்க்கு இரையாகும். டர்பனின் பெரியா மேட்டுப் பகுதியின் செம்மணல் போன்ற மண்ணில் சத்து மழையோடு கீழே இறங்கிவிடும். அங்கே அளவைப் பாதியாக்கித் தடவைகளை இரட்டியுங்கள். பெருமழைக்குப் பிறகு தரை முழுக்க ஒரே சீராக வெளிறினால் அது தழைச்சத்துக் குறைவு. இலை நரம்பு பச்சையாக இருக்க இடைப்பகுதி மட்டும் மஞ்சளானால் இரும்புச்சத்துக் குறைவு. சுண்ணாம்பு மிகுந்தாலோ, கட்டட இடிபாடு மண்ணுக்குள் கிடந்தாலோ வரும். கோழி எருவை மக்கவைக்காமல் போடாதீர்கள், புல்லும் கருகும், ஈயும் வரும்.

மழை மிகுந்த இந்தப் பக்கத்து மண் நாளடைவில் புளிக்கும், அதாவது அமிலத்தன்மை கூடும். ஆனால் சோதிக்காமல் சுண்ணாம்பு போட வேண்டாம். ஹில்டன் பக்கத்தில் உள்ள சீடாராவில் மாகாண வேளாண்துறையின் மண் பரிசோதனை வேலை நடக்கிறது. அனுப்புவதற்கு முன் விசாரித்துக்கொள்ளுங்கள். பத்துப் பதினைந்து இடத்தில் 10 செ.மீ. ஆழம்வரை எடுத்த மண்ணைக் கலந்து ஒரே சாம்பிளாக அனுப்ப வேண்டும்.

தண்ணீர்: வளரும் காலத்தில் மழையும் சேர்த்து வாரத்துக்கு 25 மி.மீ. காலி டூனா டின்கள் நான்கைந்தைத் தரையில் வைத்து, ஸ்பிரிங்க்ளர் எத்தனை நிமிடத்தில் 12 மி.மீ. நிரப்புகிறது என்று அளந்துகொள்ளுங்கள். மணல் மண்ணுக்கு 12 மி.மீ. வீதம் வாரத்தில் இரண்டு தடவை, களிமண்ணுக்கு ஒரே தடவை, சரிவென்றால் அரைமணி இடைவெளி விட்டுப் பகுதி பகுதியாக. விடியற்காலையில் விடுங்கள். புழுக்கமான இரவில் இலை பத்து மணி நேரம் நனைந்திருப்பதே பூஞ்சைக்கு அழைப்பு. குளிர்கால வறட்சிக்குப் பிறகு மணல் சில இடங்களில் தண்ணீரை உருட்டிவிடும், உள்ளே இறங்காது. ஃபோர்க்கால் குத்தி, மண்ணை நனைக்கும் மருந்து ஊற்றினால் சரியாகும்.

முன்புறப் பழுப்புத் திட்டுகளுக்கு, மருந்து வாங்குவதற்கு முன் தரையில் உட்கார்ந்து பாருங்கள். திட்டின் ஓரத்துப் புல்லைப் பிடித்து இழுத்தால் பாய்போல் சுருண்டு வந்தால், வேர் கத்தரிக்கப்பட்டிருக்கிறது: மண்ணுக்குள் வெள்ளைப் புழு, வண்டின் குஞ்சு. ஹடீடா தேடுவது பெரும்பாலும் இதைத்தான், அதன் நீண்ட அலகு அதற்கே அமைந்தது. பறவையை விரட்டாதீர்கள், அது குத்தும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மண்புழுவுக்காகவும் அது வரும், ஆகவே தோண்டிப் பார்த்து உறுதிசெய்யுங்கள்: 30 செ.மீ. சதுரத்தில் 10 செ.மீ. ஆழம் எடுத்து எண்ணுங்கள். ஒன்றிரண்டு இருந்தால் விட்டுவிடலாம். ஏழெட்டு இருந்தால் மருந்து தேவை.

வேர் உறுதியாக இருந்து, இலை மட்டும் மென்று தின்னப்பட்டு, அடியில் சிறு பச்சை எச்சம் கிடந்தால் புல்தரைக் கம்பளிப்புழு. பிப்ரவரி, மார்ச்சில் அதிகம், இரவில் தின்னும், திட்டு ஒவ்வொரு நாளும் விரியும். மாலையில் ஈரச்சாக்கு ஒன்றைத் திட்டின் ஓரத்தில் போட்டுவைத்து விடியலில் தூக்கிப் பாருங்கள், அடியில் ஒதுங்கியிருக்கும். மணல் தரையில் மண் மேடாகி விரல் தடிமனில் சுரங்கம் தெரிந்தால் பிள்ளைப்பூச்சி. 30 மி.லி. பாத்திரம் கழுவும் சோப்பை 5 லிட்டர் தண்ணீரில் கலந்து ஒரு சதுர மீட்டரில் ஊற்றினால் சில நிமிடங்களில் கம்பளிப்புழுவும் பிள்ளைப்பூச்சியும் மேலே வரும். வெள்ளைப் புழு வராது, அதற்குத் தோண்டுவதே வழி.

மருந்து அடிக்கும் முறையும் பூச்சிக்கேற்ப மாறும். கம்பளிப்புழுவுக்கு முதலில் புல்லை வெட்டி, சூரியன் சாய்ந்த பிறகு அடித்து, ஒன்றிரண்டு நாள் தண்ணீர் விடாமல் இருங்கள்: மருந்து இலையில் நிற்க வேண்டும். புழு சிறியதாக இருந்தால் பி.டி. பாக்டீரியா மருந்தே போதும். வெள்ளைப் புழுவுக்கும் பிள்ளைப்பூச்சிக்கும் நேர்மாறு: முன்பே நனைத்து, அடித்த பிறகும் தண்ணீர் விட்டு மருந்தை மண்ணுக்குள் இறக்க வேண்டும். பைரித்ராய்டு மருந்துகள் மீன்களைக் கொல்லும், மழை வருகிற நாளில் அடித்து வடிகாலுக்கு அனுப்பாதீர்கள்.

இலையும் வேரும் முழுதாக இருந்து, இலையில் வெளிறிய புள்ளி, அதைச் சுற்றிப் பழுப்பு விளிம்பு, காலைப் பனியில் சிலந்திவலைபோல் வெண்படலம் என்றால் பூஞ்சை. காசளவு சிறு வட்டங்களாக இருந்தால் பெரும்பாலும் புல் பசியில் இருக்கிறது; லேசாக உரம் போட்டாலே போகும். அகன்ற வட்டங்களாக விரிந்தால் உரம் மிகை. உரத்தையும் மாலைத் தண்ணீரையும் நிறுத்துங்கள். நடுவில் செத்து, சுற்றிலும் கரும்பச்சை வளையம் இருந்தால் அது நாய் சிறுநீர்.

களைகளில் கோரைதான் கடினம். பிடுங்கினால் கிழங்கு மண்ணுக்குள் நின்று இன்னும் இரண்டாக முளைக்கும். மூன்று முதல் ஐந்து இலை இருக்கும்போது ஹேலோசல்ஃபியூரான் என்ற களைக்கொல்லியை அடித்து, ஆறு முதல் பத்து வாரத்தில் மறுபடி அடிக்க வேண்டும். வல்லாரை படர்ந்தால் அந்த இடத்தில் தண்ணீர் தேங்குகிறது. வடிகாலைச் சரிசெய்யாமல் மருந்து அடித்துப் பயனில்லை. அகலிலைக் களைக்கொல்லிகளில் பல பஃபலோவைக் கருக்கும், எல்.எம்.மையும் பாதிக்கலாம். லேபிளில் உங்கள் புல்லின் பெயர் இல்லையென்றால் அடிக்காதீர்கள். மருந்து அடித்த தரையிலிருந்து துவையலுக்கு வல்லாரையோ, பூசைக்கும் சாற்றுக்கும் அருகம்புல்லோ பறிக்கவே கூடாது. அவற்றுக்கென்று ஒரு தொட்டியில் தனியாக வளர்த்துவிடுங்கள்.

கடைசியாகக் கூடாரம். ஆடிக் கூழுக்கும் கல்யாணத்துக்கும் முற்றத்தில் கூடாரம் அடிக்கிற வீடு என்றால், ஆடிதான் புல்லுக்கு மோசமான நேரம், ஏனென்றால் மிதிபட்ட புல் செப்டம்பர் வரை எழாது. பிளாஸ்டிக் விரிப்புக்குப் பதில் காற்றுப் போகும் சணல் விரிப்பு போடுங்கள், முந்தின இரண்டு நாள் தண்ணீர் விடாதீர்கள், ஈரமண்தான் இறுகும். கூழ்ப்பானை வைக்கும் அடுப்பைச் சிமென்ட் தரையிலோ செங்கல் மேடையிலோ வையுங்கள், சூடான கஞ்சித் தண்ணீரைப் புல்லில் கொட்ட வேண்டாம். கூடாரம் இறங்கிய மறுநாள் விரிப்பை எடுத்து ரேக்கால் புல்லை நிமிர்த்துங்கள். செப்டம்பர் நடுவில் புதிய தளிர் தெரிந்ததும் ஃபோர்க்கை 10 செ.மீ. ஆழத்துக்கு, 10 செ.மீ. இடைவெளியில் குத்தி, பின்னால் லேசாகச் சாய்த்து எடுங்கள். பிறகு அந்தத் துளைகளில் மணல் வாரி விட்டு, முதல் உரத்தை அப்போது போடுங்கள்.